நாலு விரல் உயரம்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் நல்லவன் யார் என்று சந்தியோகுவைக் கேட்டால், மற்றவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொருவனுக்கும் ஸ்பானர் பிடிக்கவே வராது என்பதை விளக்குவான். கடைசியில் மிஞ்சுகிறவன் யார் என்பதைக் கேட்டவன் தானே புரிந்துகொள்ள வேண்டும்.

இறங்குதுறைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு தகரக் கொட்டில். எஞ்சின் கொண்டுவருகிறவர்கள் அதோடு இரண்டு ஏச்சையும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்கள். எண்ணெய் சரியாகக் கலக்காதவனுக்கு ஒன்று, எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாதவனுக்கு ஒன்று. ஒரு பிழையும் செய்யாதவனை அவன் நம்புவதில்லை. அவனுக்கு வேலை தெரியும். அதனால் ஊர் அந்த வாயைப் பொறுத்துக்கொண்டது.

ஊர் சிரித்தது வேறொரு விஷயத்துக்கு. அவனுடைய ஒரே தங்கச்சி மக்டலீன் கடலுக்குப் போனாள்.

மக்டலீனின் புருஷன் கட்டாரில் லொறி ஓட்டப் போனபின், படகு கரையில் கிடந்து காய்ந்தது. தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்த பைபர் படகு. அதைக் கிடக்கவிட அவளுக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் யோசப்பினைக் கூட்டிக்கொண்டு, ஆழமில்லாத பரவைக்கடலில் கோல் ஊன்றிப் போய் நண்டு வலை விரிக்கத் தொடங்கினாள். கரையில் உட்கார்ந்து பெண்கள் வலையைத் தெரிந்து சிக்கெடுப்பதையோ நண்டு கழற்றுவதையோ எவரும் ஒரு சொல் சொன்னதில்லை. படகில் ஏறிக் கோலைப் பிடித்ததும்தான் எல்லாருக்கும் நாக்கு நீண்டது.

"சந்தியோகு, உன்ரை தங்கச்சி இண்டைக்கும் எனக்கு முதலே போய் வலை விரிச்சிட்டா," என்றான் கொலின்ஸ் ஒருநாள் தேத்தண்ணிக் கடையில். கொலின்சுக்குச் சொந்தமாகப் படகும், பெரிய எஞ்சினும், அதைவிடப் பெரிய வாயும் இருந்தன. "அடுத்த வருஷம் சங்கத் தலைவரா அவவையே போடுவமோ?"

கடை முழுக்கச் சிரித்தது. சந்தியோகுவும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு காதுக்குள் போன கடல் தண்ணீர் மாதிரி நாள் முழுவதும் அவனுக்குள் இரைந்துகொண்டிருந்தது.

அடுத்த கிழமை மக்டலீனும் யோசப்பினும் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு அவனுடைய கொட்டிலுக்கு வந்தார்கள். வண்டியில் சாக்கால் சுற்றிய பழைய எஞ்சின் ஒன்று. அவளுடைய மாமனார் காலத்துச் சாமான். சந்தியோகு பிறப்பதற்கு முன்னரே கடல் பார்த்தது. சண்டைக் காலத்தில் மண்ணுக்குள்ளும் கிடந்தது.

"அண்ணை, உதைக் கொஞ்சம் பார்," என்றாள் மக்டலீன்.

அவன் எழும்பவில்லை. "எதை?"

"எஞ்சினை."

"எஞ்சினோ? பழைய இரும்புக்காரன் வழிதவறி வந்திட்டானாக்கும் எண்டு நினைச்சன்."

மக்டலீன் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிறுவயதிலிருந்தே கேட்டுப் பழகியது. "உதின்ரை, தண்ணிக்குள்ளை இறங்குற கால் கட்டை. பரவைக்கடலிலை தரை தட்டாது. கோல் ஊண்டி ஊண்டித் தோள் கழண்டு போச்சு. உதை ஓடப் பண்ணினால் காணும்."

சந்தியோகு எட்டிப் பார்த்தான். "உதுக்குள்ளை பொயின்ற். பூத்துப்போய் இருக்கும்."

பொயின்ற் என்பது இரண்டு சிறிய உலோக முனைகள். எஞ்சின் சுற்றும்போது அவை தொட்டும் விலகியும் பிளக்குக்கு நெருப்புப் பொறியைக் கொடுக்கும். உப்புக் காற்றில் அந்த முனைகள் பூத்துவிட்டால் பொறி வராது. பொறி வராவிட்டால் கயிறு இழுக்கிறவனின் தோள்தான் சூடாகும்.

"தேய்ச்சு விட்டால் ஒரு கிழமை ஓடும்," என்றான் அவன். "பேந்து தேய்க்கோணும். பேந்தும் தேய்க்கோணும். நீ சாகும்வரை தேய்ச்சுக்கொண்டு இருக்கலாம்."

"பொயின்ற்றைக் கழட்டி எறிஞ்சுபோட்டு எலெக்ரோனிக் பெட்டி பூட்டினால்?"

சந்தியோகு அப்போதுதான் நிமிர்ந்தான். "ஆர் சொன்னது?"

"போனிலை பாத்தனான். கேரளாக்காரன் ஒருத்தன் இதே எஞ்சினுக்குப் பூட்டுறான்."

"மலையாளம் விளங்குதோ உனக்கு?"

"வாய் கதைக்கிறது விளங்கேல்லை. கை செய்யிறது விளங்குது."

யோசப்பின் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பால் காரியம் கெட்டது. பிளைவீலைக் கழற்றும் புல்லரை ஒரு நாளைக்குத் தரச் சொல்லி மக்டலீன் கேட்டபோது, சந்தியோகு மேசையில் கிடந்த புல்லரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினான். "என்ரை புல்லர் எஞ்சினுக்கு. கறள் பிடிச்ச இரும்புக்கில்லை."

அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மக்டலீன் கோபப்பட்டுக் கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். அவள் கத்தாமல் போனது அவனுக்கு என்னவோ செய்தது.

அவளுடைய வீட்டுப் பூவரசுக்குக் கீழே இரண்டு தடிகளை நட்டு எஞ்சினைக் கொளுவி வைத்திருந்தாள். சந்தியோகு கொட்டிலுக்குப் போகிற வழி அது. சைக்கிளில் போகும்போது ஒரு கால் ஊன்றி, வேலிக்கு மேலால் பார்த்து, ஏதாவது சொல்லாமல் போகமாட்டான். யாழ்ப்பாணம் டவுனில் ஓட்டோ திருத்துகிற ஒருவனிடம் புல்லர் வாங்கிவந்து அவள் பிளைவீலைக் கழற்றிய அன்று, "கழட்டினது பெரிசில்லை, பூட்டோணும்," என்றான். தபாலில் வந்த கறுப்புப் பெட்டியை அவள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த அன்று, "அதைக் கோயிலிலை கொண்டுபோய் மந்திரிச்சுக்கொண்டு வா," என்றான்.

பெட்டியைப் பூட்டியபின் பொறி வரவில்லை. மக்டலீனும் யோசப்பினும் மாறி மாறிக் கயிறு இழுத்தார்கள். உள்ளங்கை கொப்பளித்தது. எஞ்சின் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. இதைத் தேத்தண்ணிக் கடையில் சந்தியோகு நடித்தே காட்டினான். ஒருத்தி இழுக்க, மற்றவள் செபிக்க, கேரளாக்காரன் போனுக்குள் இருந்து வாழ்த்த. கடை குலுங்கியது. தங்கச்சியை வைத்துத் தானே முதலில் சிரித்துவிட்டால், மற்றவர்கள் சிரிப்பதற்கு மிச்சம் இருக்காது என்பது அவனுடைய கணக்கு. அது பிழையான கணக்கு. அன்றிலிருந்து எல்லாருக்கும் அனுமதி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

மக்டலீன் பெட்டிக்குப் போகும் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பூட்டிப் பார்த்தாள். பிளக்கில் நீல நிறத்தில் பொறி வெடித்தது. யோசப்பின் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் துள்ளினாள். பிறகு மக்டலீன், வேகம் கூட்டும் கைப்பிடியைத் திருப்பும்போது பொறி விழும் நேரமும் காபரேற்றர் திறக்கும் நேரமும் ஒன்றாக வர வேண்டும் என்று, இரண்டையும் இணைக்கும் கம்பியை நூலளவு முன்னும் நூலளவு பின்னுமாக நகர்த்தி நகர்த்திப் பொருத்தினாள். தண்ணீர் நிறைத்த பீப்பாவுக்குள் எஞ்சினின் காலை இறக்கிக் கயிற்றை இழுத்தபோது, அது முதல் இழுப்பிலேயே பிடித்தது.

அந்தச் சத்தம் சந்தியோகுவின் கொட்டில்வரை கேட்டது. கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு அவன் காது கொடுத்தான். இடறல் இல்லை, தட்டல் இல்லை. கைப்பிடியைத் திருப்பத் திருப்பச் சீராக ஏறியது, விடச் சீராக இறங்கியது. அவன் பொயின்ற் தேய்த்துக் கொடுத்த எந்த எஞ்சினும் இவ்வளவு துப்புரவாக ஓடியதில்லை. அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் எரிச்சல் வந்தது.

"பீப்பாவுக்குள்ளை எந்த எஞ்சினும் ஓடும்," என்றான் பக்கத்தில் நின்ற கொலின்சிடம். "கடலிலை பாப்பம்."

கடலில் அவனுடைய வாய்க்கு வெற்றி கிடைத்தது. மெல்லப் போகும்போது படகு நன்றாகப் போனது. வேகம் பிடித்துப் படகின் முன்புறமான அணியம் தூக்கத் தொடங்கியதும், எஞ்சின் ஓலமிட்டது. படகு நகர மறுத்தது. வேகத்தைக் குறைத்தால் திரும்பவும் பழைய மாதிரி. கூட்டினால் திரும்பவும் ஓலம். மக்டலீன் எஞ்சினின் சரிவை மாற்றிப் பார்த்தாள். கம்பியைத் திரும்பவும் பொருத்திப் பார்த்தாள். ஒன்றும் உதவவில்லை. இறங்குதுறையில் நின்று சந்தியோகு தீர்ப்புச் சொன்னான்.

"பெட்டிதான். வேகத்திலை பொறி முந்தி விழுது. நான் சொன்னனான். பொயின்ற்றைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கோ."

ஓலமிடும் எஞ்சின் வேகமாகத்தான் சுற்றுகிறது, பொறி பிழையானால் அது சுற்றவே தயங்கும் என்று யோசிக்க அவனுக்கு இரண்டு நிமிடம் போதும். அவன் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. பெட்டி பிழையாக இருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். ஆசைப்பட்டதையே காது கேட்டது.

சில நாட்களில் கொலின்சின் எஞ்சினைத் திருத்தி, ஓட்டிப் பார்ப்பதற்காக அவனோடு படகில் போனான். மண்டைதீவுப் பக்கம் மக்டலீனின் படகு முன்னால் போய்க்கொண்டிருந்தது. யோசப்பின் அணியத்தில் இருந்தாள். கொலின்சின் படகு பின்னால் நெருங்கியபோது மக்டலீன் வேகத்தைக் கூட்டினாள். எஞ்சின் ஓலமிட்டது. சந்தியோகு முதல்முறையாக அந்தப் படகின் பின்புறத்தை, அது ஓடும்போது, பின்னாலிருந்து பார்த்தான்.

எஞ்சினின் காலில் விசிறிக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும். படகு ஓடும்போது அது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். இங்கே அந்தத் தகடு வெளியே நின்று வெயிலில் பளபளத்தது. விசிறி காற்றை இழுத்து வெறும் நுரையைக் கிண்டியது. கட்டைக் கால் எஞ்சின். பழைய மரப் படகின் தாழ்வான பின்பலகைக்குச் செய்தது. பைபர் படகின் பின்பலகையோ நீளக்கால் எஞ்சினுக்குக் கட்டிய உயரம். எஞ்சின் நாலு விரல் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நிற்கும்போது படகின் பின்புறம் தாழ்ந்திருப்பதால் தெரியாது. ஓடும்போதுதான் தெரியும்.

பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை.

"பாத்தியோ?" என்றான் கொலின்ஸ். "பெட்டிதானே?"

சந்தியோகு அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஓம்," என்றான். "பெட்டிதான்."

அந்தப் பொய்யைச் சொல்ல அவனை யாரும் நெருக்கவில்லை. வாய் தன் பழக்கத்துக்குச் சொன்னது. அதுவரை அவன் சொன்னவை அறியாமை. இது வேறு. வீட்டில் மத்தியானம் மீன் குழம்போடு சோறு வைத்தபோது, உப்பில்லை என்று மனைவியோடு சண்டை பிடித்தான். உப்பு இருந்தது.

மறுநாள் காலை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பியது. கரையில் நின்ற எல்லாரும் பார்க்க, கிழக்கே தூரத்தில் மக்டலீனின் படகு எதிர்க்காற்றில் ஒரே இடத்தில் நின்று அலறியது. பிறகு அலறல் நின்றது. இரண்டு பெண்களும் தண்ணீரில் இறங்கினார்கள். தொடையளவு தண்ணீர், முழங்கால்வரை சேறு. படகின் பின்பலகையில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெயில் ஏறும்வரை தள்ளினார்கள். நடுவில் யோசப்பின் ஒருமுறை தண்ணீருக்குள் விழுந்து எழும்பினாள். அந்தப் பருவத்தில் அங்கே சொறி என்கிற இழுதுமீன் அதிகம். பட்ட இடமெல்லாம் தடித்துச் சிவக்கும்.

"உன்ரை தங்கச்சி கடலை உழுகிறா," என்றான் கொலின்ஸ். "நெல்லு விதைக்கப் போறாவோ?"

சிரிப்பு எழுந்தது. வழக்கமாக எல்லாருக்கும் முன்னால் சிரிக்கிற சந்தியோகு சிரிக்கவில்லை. கொலின்சின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பதற்காகத் திறந்திருந்த அந்த வாயை, தேத்தண்ணிக் கடையில் தானே திறந்துவைத்தான் என்று அவனுக்குத் தோன்றியது. அருவருப்பாக இருந்தது. கொலின்ஸ்மேல் பாதி, மிச்சம் யார்மேல் என்று அவன் பார்க்க விரும்பவில்லை.

கொட்டிலுக்குப் போய் அளவுகோல், வாள், அரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பின்னேரம் மக்டலீனின் வீட்டுக்குப் போனான். வழியில் என்ன சொல்வது என்று யோசித்துவைத்தான். 'பெட்டி நல்லதுதான், ஆனால் உனக்கு எஞ்சின் கொளுவத் தெரியேல்லை' என்று தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் தன் கை கொஞ்சம் மேலே இருக்கும். அவள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். தான் ஒரே வெட்டில் காரியத்தை முடித்துக் கொடுப்பான்.

படகு கரையில் ஏற்றிக் கிடந்தது. எஞ்சினைக் கழற்றி ஓரமாகச் சாய்த்திருந்தார்கள். மக்டலீன் பின்பலகையில் பென்சிலால் கோடு போட்டு, வாளை வைத்து அறுக்கத் தொடங்கியிருந்தாள். யோசப்பின் காலில் எதையோ பூசிக்கொண்டு நிழலில் இருந்தாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன.

சந்தியோகு கையில் பையோடு நின்று அந்தக் கோட்டைப் பார்த்தான்.

"என்ன செய்யிறாய்?" என்று கேட்டான். அது தேவையில்லாத கேள்வி.

"தள்ளிக்கொண்டு வரேக்கை கண்டனான்," என்றாள் மக்டலீன் அறுப்பதை நிறுத்தாமல். "பின்பலகையைப் பிடிச்சுக்கொண்டுதானே தள்ளினது. படகின்ரை அடியை விட மேலைதான் தகடு நிக்குது. நாலு விரல். இதுக்குப் போய்ப் பெட்டியைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரிஞ்சம்." பிறகு அவனுடைய பையைப் பார்த்தாள். பையிலிருந்து வாளின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அறுப்பது நின்றது.

"நீ எப்ப கண்டனீ?"

அவன் வாளின் பிடியைப் பைக்குள் தள்ளினான்.

"அண்ணை. எப்ப கண்டனீ?"

"நேற்று," என்றான் சந்தியோகு. "கொலின்சோடை வரேக்கை."

மக்டலீன் வாளைப் பலகையிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "நேற்றுக் கண்டுபோட்டு, இண்டைக்கு எங்களைச் சேத்துக்கை நடக்க விட்டனீ. யோசப்பினின்ரை காலைப் பார். வடிவாப் பார்."

அவன் பார்த்தான்.

"நீ பகிடி விட்டது எனக்கொண்டும் இல்லை," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நீ ஆரைத்தான் பகிடி விடேல்லை. உனக்கு வேலையாவது தெரியும் எண்டு நான் நினைச்சுக்கொண்டு இருந்தன். வேலை தெரிஞ்சவன் பிழையைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டான். நீ கொலின்சின்ரை பகிடிக்கு எடுபிடி. அவ்வளவுதான்."

அவனுடைய வாழ்நாளில் எத்தனையோ பேரை அவன் எத்தனையோ சொல்லியிருக்கிறான். 'வேலை தெரியாதவன்' என்ற சொல்லை மட்டும் யாரும் அவனுக்குத் திருப்பிச் சொன்னதில்லை. திரும்பிப் போகத்தான் நினைத்தான். நாலடி போனவன் நின்றான்.

"உந்தக் கோடு பிழை," என்றான்.

"போ அண்ணை."

"போறன். கேட்டுப்போட்டுச் செய். நீ பலகையின்ரை அகலம் முழுக்க அறுக்கிறாய். பின்காத்து அடிக்கேக்கை அலை உள்ளை ஏறும். எஞ்சின் கொளுவுற இடத்திலை மட்டும் அறு. அதுக்கு உள்பக்கமாத் தண்ணி மறிக்க ஒரு குட்டிப் பலகை வை. அறுத்த வாய்க்குப் பைபர் பூசு. இல்லாட்டி உள்ளை இருக்கிற மரம் ஊறி, ஒருநாள் எஞ்சின் பலகையோடை கழண்டு போகும்."

மக்டலீன் கோட்டைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்து இரண்டு பக்கமும் கோட்டைக் குறுக்கினாள். அவன் போகவும் இல்லை, கிட்டவும் வரவில்லை. சிறிது நேரத்துக்குப் பிறகு யோசப்பின்தான் நிழலில் இருந்தபடி சொன்னாள்.

"நிக்கிறதெண்டால் அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ அண்ணை. பலகை ஆடுது."

அவன் பிடித்தான். அறுத்து முடியும்வரை கையை எடுக்கவில்லை.

பைபர் காய்ந்தபின் எஞ்சினைக் கொளுவிக்கொண்டு போன அன்று, சந்தியோகு இறங்குதுறையில் எல்லாரோடும் நின்றான். மக்டலீன் வேகத்தைக் கூட்டினாள். அணியம் தூக்கியது. ஓலம் வரவில்லை. எஞ்சின் கனத்த, நிறைந்த குரலில் தண்ணீரைப் பிடித்துத் தள்ளியது. படகு, கட்டிக்கிடந்த கொலின்சின் படகைக் கடந்து, நேராகக் கிழக்கே, அரியாலைப் பக்கம் போனது. தங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் பக்கம் அந்தப் பெண்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அதுதானே பாத்தன்," என்றான் கொலின்ஸ் சந்தியோகுவின் முதுகில் தட்டி. "கடைசியிலை நீ கை வைச்சுத்தான் சரிவந்தது. பொயின்ற் பூட்டினியோ?"

"இல்லை. பெட்டிதான் ஓடுது. பெட்டி பூட்டினதும் அவள். எஞ்சின் உயரம் எண்டு கண்டுபிடிச்சதும் அவள்."

"சரி, சரி. தங்கச்சியை விட்டுக்குடுக்கமாட்டாய்." கொலின்ஸ் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"நான் பெட்டியெண்டு உனக்குப் பொய் சொன்னனான் கொலின்ஸ். உயரமெண்டு அண்டைக்கே கண்டனான்."

அதற்கும் சிரித்தார்கள். நல்ல மெக்கானிக் எப்போதும் இப்படித்தான், தன் வேலையை வெளியில் சொல்லமாட்டான் என்றான் ஒருவன். ஐம்பது வருஷமாகப் பெருமை பேசியவனை, முதல்தடவை உண்மை பேசியபோது, அடக்கமானவன் என்று ஊர் முடிவுகட்டியது. பொம்பிளை ஒருத்தி எஞ்சின் திருத்தினாள் என்பதை நம்புவதைவிட, சந்தியோகு அடக்கமானவன் என்பதை நம்புவது அவர்களுக்கு லேசாக இருந்தது. மூடர் கூட்டம் என்று அவன் மனதுக்குள் ஏசினான். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவன் யார் என்பதும் மனதுக்குத் தெரிந்தது.

மக்டலீன் அவனோடு அளந்துதான் பேசினாள். கேட்டால் பதில், கேளாவிட்டால் அதுவுமில்லை.

மாரி தொடங்கும் முன்னர் அரியாலையிலிருந்து செந்தூரன் என்று ஒருவன் ஓட்டோவில் பழைய எஞ்சின் ஒன்றை ஏற்றிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தான். "பொயின்ற்றைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் களைச்சுப்போனன் அண்ணை. நீங்கள் குருநகரிலை ஒரு எஞ்சினுக்குக் கறுப்புப் பெட்டி பூட்டினீங்களாம்."

"நான் பூட்டேல்லை. என்ரை தங்கச்சி பூட்டினவள். அவளிட்டைக் கொண்டு போம்."

செந்தூரன் தயங்கினான். "பொம்பிளையிட்டையோ?"

"அப்ப வீட்டை கொண்டுபோய்த் தேய்ச்சுக்கொண்டு இரும். உமக்கு அதுதான் பொருத்தம்."

செந்தூரன் ஓட்டோவில் ஏறினான். சந்தியோகுவும் கூட ஏறினான். ஏன் ஏறினான் என்று அவனைக் கேட்டால், வழி காட்ட என்று சொல்லியிருப்பான். குருநகரில் வழி தெரியாமல் போக என்ன இருக்கிறது?

மக்டலீன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எஞ்சினின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு வயரைத் தூக்கிக் காட்டினாள். ஆணிக்குக் கீழே நசிந்து, தோல் உரிந்து, செம்பு தெரிந்தது.

"உதை ஆர் கடைசியாப் பூட்டினது?"

செந்தூரன் மெல்ல சந்தியோகுவைத் திரும்பிப் பார்த்தான். "போன வருஷம்... அண்ணைதான்."

"தெரியுது," என்றாள் மக்டலீன்.

யோசப்பின் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். செந்தூரன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அண்ணனையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சிரியும், சிரியும்," என்றான் சந்தியோகு, எஞ்சினின் மறுபக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி. "பயப்பிடாதையும்."